பாதியில் விட்ட படிப்பைத் தொடர காசுக்கு என்ன வழி? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெரியவர்கள் மறுபடி படிப்பதற்கென்றே பெயர் போட்ட உதவித்தொகை ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். உதவி இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. தேர்வுத்துறையில் கொஞ்சம், ஐ.டி.ஐ.யில் கொஞ்சம், கலெக்டர் ஆபீசில் இரண்டு மூன்று அறைகளில் கொஞ்சம், ஊர் ஜமாத்திலும் பங்குக் கோயிலிலும் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. உங்கள் வயதைப் பார்த்து யாரும் தரப்போவதில்லை. எந்தப் படிப்பில் சேருகிறீர்கள், உங்கள் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் என்ன சொல்கின்றன என்று பார்த்துத்தான் தருவார்கள்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் காகிதங்கள், அடுத்து செலவு குறைந்த படிப்பு வழி, அதற்கப்புறம்தான் மீதிச் செலவுக்கு உதவி. நிறையப் பேர் தலைகீழாகப் போகிறார்கள். ஏதோ ஒரு தனியார் மையத்தில் முன்பணம் கட்டிவிட்டு, பிறகு உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்டு அலைகிறார்கள். பல நேரம் அந்தப் படிப்புக்கு எந்த உதவியும் கிடையாது.

முதலில், செலவு எதில் இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: கட்டணம், புத்தகம், பஸ், வேலைக்குப் போகாத நாட்களின் கூலி. எட்டாம் வகுப்பையோ பத்தாம் வகுப்பையோ பள்ளியில் சேராமல் தனித்தேர்வராக எழுதினால் கட்டணம் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். பள்ளிப் பாடநூல்கள் எல்லாவற்றையும் பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் தெருவில் போன வருடம் பத்தாவது முடித்த பிள்ளையிடம் கேட்டால் கட்டாகவே தந்துவிடுவார்கள். பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து டிக்கெட் இல்லை, அதனால் வகுப்புக்குப் போகும்போது பஸ் பார்த்து ஏறினால் அந்த வரியும் பூஜ்யம்தான். ஆகவே மிஞ்சுவது நாலாவது வரி. நண்டு வலையைத் தட்டுகிறவர்களுக்கும், இறால் உரிக்கப் போகிறவர்களுக்கும், பாசி எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு நாள் வகுப்பு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதற்கு எந்த அலுவலகத்திலும் விண்ணப்பப் படிவம் கிடையாது, நாமேதான் திட்டம் போட வேண்டும்.

நம் கடற்கரையில் அதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வீட்டிலிருந்தே படித்து எழுதக்கூடிய தேசிய திறந்தநிலைப் பள்ளியின் முதல் தேர்வுப் பருவம் ஏப்ரல்-மே. மாநில அரசின் பத்தாம் வகுப்புத் துணைத்தேர்வு தடைக்காலம் முடிந்த கையோடு வருகிறது. விசைப்படகில் போகிறவர், ஐஸ் கம்பெனியில் இருப்பவர், கூடத்தில் மீன் பிரிக்கிறவர் எல்லாருக்கும் அந்த இரண்டு மாதம்தான் உட்கார்ந்து படிக்கக் கிடைக்கிற காலம். குடும்பத்துக்கு வரும் 8,000 ரூபாய் தடைக்கால நிவாரணத்தில் தேர்வுக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும், ஆனால் அந்தப் பணம் எந்தத் தேதியில் கணக்கில் ஏறும் என்று சொல்ல முடியாது, கட்டணம் கட்டும் கடைசித் தேதியோ நமக்காகக் காத்திருக்காது. கட்டணத்தைத் தனியாக முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலம் இல்லை, அவர்கள் வாடைக் காற்றில் கடல் கெட்டுக் கிடக்கும் மாதங்களைப் படிப்புக்கு ஒதுக்கி, அடுத்த பருவத் தேர்வுக்குக் கணக்குப் போடுவது நல்லது.

காகிதங்கள்: இங்கேதான் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள்

நீங்கள் கடைசியாகப் படித்த பள்ளிக்குப் போங்கள். எட்டாம் வகுப்புக்குள் நின்றவர்களுக்கு அந்தப் பள்ளி கொடுப்பது பதிவுத்தாள், அதற்கு மேல் படித்தவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ். இருபது வருடம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், சேர்க்கைப் பதிவேட்டை எந்தப் பள்ளியும் தூக்கி எறிவதில்லை. எந்த வருடம் சேர்ந்தீர்கள் என்று ஏறக்குறையச் சொன்னால் தலைமையாசிரியர் பீரோவிலிருந்து அந்த நீளமான பதிவேட்டை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். அந்த வரியில் இருக்கும் மூன்று விஷயங்களை அங்கேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்: பெயரின் எழுத்து, தகப்பனார் பெயர், பிறந்த தேதி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பக்கம் ஆதாரும் பள்ளிப் பதிவேடும் ஒத்துப்போகிற ஆட்கள் குறைவு. பாம்பன் பக்கத்து அக்கா ஒருவர், பாசி எடுக்கப் போகிறவர், பத்தாவது எழுத வேண்டும் என்று வந்தார். பள்ளியில் அவர் பெயர் ஒரே சொல்லாக, அப்பாவின் இனிஷியலோடு இருக்கிறது. ஆதாரில் பெயர் இரண்டாக உடைந்து, கணவரின் இனிஷியல் ஒட்டியிருக்கிறது, பிறந்த தேதி ஜனவரி 1 என்று யாரோ போட்டுவிட்டார்கள். விண்ணப்பம் ஆன்லைனில் ஏறும், ஆனால் உதவித்தொகைப் பணம் வரும்போது வங்கிக் கணக்கில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயரும் இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

இந்த மாதிரி நேரத்தில் பள்ளிப் பதிவேட்டை மாற்ற முயற்சி செய்யாதீர்கள், அது நீண்ட வேலை. பள்ளிச் சான்றை ஆதாரமாக வைத்து ஆதாரை அதற்குத் தக்கபடி திருத்துங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், பெயரை இரண்டு முறை. அதனால் பதிவுத்தாள் கையில் வருவதற்கு முன்னால் ஆதார் மையத்துக்குப் போய் உத்தேசமாக எதையும் மாற்றிவிட வேண்டாம்.

அப்புறம் இ-சேவை மையம். சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டுக்கும் விண்ணப்பிக்க தலா 60 ரூபாய்தான் அரசுக் கட்டணம், ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், ஆகவே சேர்க்கை தொடங்கும் நேரத்தை ஒட்டி எடுங்கள். புயலிலோ வெள்ளத்திலோ படிப்புச் சான்றுகள் போயிருந்தால் அதற்கென்றே வருவாய்த்துறை ஒரு சான்று தருகிறது, அதையும் இதே மையத்தில் விண்ணப்பிக்கலாம். கணவரை இழந்தவர்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள் அதற்கான சான்றையும் சேர்த்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கேட்பார்கள்.

வங்கிக் கணக்கு இருக்கிறது என்றால் மட்டும் போதாது. அரசுப் பணம் நேரடியாக வர அந்தக் கணக்கு ஆதார் வழிப் பணம் பெறுவதற்கென்று இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருப்பதும் இதுவும் ஒன்றில்லை. வங்கியில் "நேரடி மானியப் பணம் இந்தக் கணக்குக்கு வருமா?" என்று இந்தச் சொற்களிலேயே கேளுங்கள். மூன்று வங்கியில் கணக்கு வைத்திருந்து, பணம் மறந்துபோன கணக்குக்குப் போய்விட்டதாகப் பிறகு தெரிய வருவது சாதாரணமாக நடக்கிறது.

எந்த வழி உங்களுக்கு?

எழுதப் படிக்கவே வராது என்றால் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட யாரும் சேரலாம், காசு கிடையாது. வகுப்பு பெரும்பாலும் ஊர் அரசுப் பள்ளியிலேயே தன்னார்வலர் வைத்து நடக்கும், தலைமையாசிரியரிடம் கேட்டாலே போதும்.

அடுத்தது எட்டாம் வகுப்பு. பன்னிரண்டரை வயது முடிந்த யாரும் தனித்தேர்வராக எழுதலாம், மேல் வயதுக்கு வரம்பில்லை. அரசுத் தேர்வுகள் இயக்ககம் மாவட்டத்தில் வைத்திருக்கும் சேவை மையம் வழியாகத்தான் விண்ணப்பம். பத்தாம் வகுப்புக்குப் பதினாலரை வயது முடிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு விஷயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள்: முதல் தடவை எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். தேர்வுக்குப் பல மாதம் முன்பே அந்தப் பதிவு முடிந்துவிடும், பயிற்சி வகுப்புக்கு 80 சதவீதம் வருகையும் வேண்டும். இதை விட்டுவிட்டால் அந்த வருடம் போச்சு. கடலுக்குப் போகிற நாட்களை இந்த வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடியுமா என்று படகு முதலாளியிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று முறை வைத்திருப்பதால் இது முடியாத காரியமில்லை.

தேசிய திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. எட்டாவது சான்று இல்லாதவர்கள்கூட, எனக்கு இந்த அளவு படிக்கத் தெரியும் என்று சுய உறுதிமொழி கொடுத்து பத்தாம் வகுப்பில் சேரலாம். தமிழில் எழுதலாம், 5 வருடத்துக்குள் 9 வாய்ப்பு, ஒரு தடவைக்கு ஒரு பாடமோ இரண்டு பாடமோ எழுதி முடித்துக்கொண்டே வரலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் குறைவு, பாடப் புத்தகமும் அந்தக் கட்டணத்திலேயே வந்துவிடும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், வாரக்கணக்கில் வெளியூர் தங்கலுக்குப் போகிறவர்களுக்கும் இது ரொம்பப் பொருத்தம். ஆனால் உங்கள் குறி தமிழ்நாடு அரசு வேலை என்றால், கொஞ்சம் சிரமமானாலும் மாநிலத் தேர்வுத்துறை வழியாகவே எழுதிவிடுங்கள் என்பது என் கருத்து. பின்னால் சான்று இணையானதா என்று யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது.

ஐ.டி.ஐ.யைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்களுக்கு உள்ளதிலேயே காசு கையில் வருகிற வழி இதுதான், அதுவே பலருக்குத் தெரியவில்லை. ஆண்களுக்கு 40 வயது வரை சேர்க்கை. பெண்களுக்கு மேல் வயது வரம்பே இல்லை. எட்டாவது முடித்தவர்களுக்குச் சில தொழிற்பிரிவுகள், பத்தாவது முடித்தவர்களுக்கு மற்றவை. ராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, அதோடு சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவி, பஸ் பாஸ். அரசுப் பள்ளியில் படித்தவர்களாக இருந்தால் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் தகுதி இருக்கிறதா என்று சேரும் நிலையத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

அது மட்டுமில்லை. எட்டாவது முடித்து ஐ.டி.ஐ. இரண்டு வருடம் படித்தவர்கள் பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலம் இரண்டு தாளை மட்டும் தனியாக எழுதினால் பத்தாவதுக்கு இணையான சான்று கிடைக்கும். பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ. படித்தவர்கள் அதே மாதிரி பிளஸ் டூ மொழித்தாள்களை எழுதி பிளஸ் டூவுக்கு இணையான சான்று வாங்கலாம். கணக்கும் அறிவியலும் பயமுறுத்தி எட்டாவதோடு நின்றுபோனவர்கள், படகு எஞ்சின் பிரித்துச் சேர்க்கக் கையால் பழகியவர்கள், எட்டாவது போதும் என்கிற இரண்டு வருடத் தொழிற்பிரிவு எது என்று கேட்டு இந்தப் பக்கம் வந்தால் தொழில் சான்றும் படிப்புச் சான்றும் ஒரே சமயத்தில் கையில் இருக்கும்.

பட்டப் படிப்புக்கு வந்தால், அரசுக் கலைக் கல்லூரிதான் செலவு குறைவு, ஆனால் விவரக் குறிப்பேட்டில் வயது விதியை முதலில் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி எல்லாம் நமக்குக் கிட்டத்தில் இருப்பவை. இக்னோவுக்கு மதுரையில் மண்டல மையம் இருக்கிறது, சில படிப்புகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டண விலக்கும் உண்டு. எந்தப் பல்கலைக்கழகமானாலும் அந்தப் படிப்புக்கு அந்த வருடம் யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் அனுமதி இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்துவிட்டுச் சேருங்கள். சேர்க்கைக்கு முன் அந்தப் பிரிவின் இணையதளத்தில் எடுக்க வேண்டிய மாணவர் அடையாள எண்ணான டெப் ஐடிக்குக் கட்டணம் கிடையாது, யாராவது அதற்குக் காசு கேட்டால் அந்த மையத்தை விட்டு வந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். பத்தாவதும் பிளஸ் டூவும் இல்லாமல் நேராக டிகிரி வாங்கித் தருகிறோம் என்ற விளம்பரத்தை நம்பிப் போகாதீர்கள். பத்தாவது, அப்புறம் பிளஸ் டூ அல்லது அதற்கு இணையானது, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் வராத திறந்தநிலைப் பட்டத்தைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று 2009-லேயே அரசாணை வந்துவிட்டது. கருவாடு விற்ற காசைச் சேர்த்துக் கட்டி மூன்று வருடம் படித்து முடித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டி வரும்போது மனசு வலிக்கிறது.

மீதிச் செலவுக்கு யாரைக் கேட்பது

பட்டியல் சாதி, பழங்குடியினர், கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர்: கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஆதிதிராவிடர் நல அலுவலகம். பத்தாவதுக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தொலைநிலையில் படித்தாலும் கட்டணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று அந்த அலுவலகத்தில் உங்கள் படிப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், தொலைநிலை என்றாலே கிடைக்காது என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுத் திரும்பிவிட வேண்டாம்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், நம் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் எல்லாரும் அதே வளாகத்தில் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்று வருட இளநிலைப் பட்டம் படித்தால் இந்தப் பிரிவினருக்கு வருமான வரம்பு பார்க்காமலே உதவித்தொகை உண்டு, முதுநிலைக்கும் பாலிடெக்னிக்குக்கும் 2.5 லட்சம் வரம்பு. மாற்றுத்திறனாளிகள் தங்கள் துறை அலுவலகத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மீனவர் நலவாரிய அட்டை வைத்திருப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அந்தக் கல்வி உதவி உறுப்பினரின் பிள்ளைகளுக்கு, உறுப்பினருக்கு இல்லை. கட்டுமானத் தொழிலாளர் வாரியமும் அப்படித்தான். உங்கள் படிப்புக்குக் கிடைக்காது, ஆனால் பிள்ளைகளுக்குக் கேட்காமல் விட்டிருந்தால் இப்போதே கேட்டு வாங்குங்கள், வீட்டில் அந்தச் செலவு குறைந்தால் உங்களுக்கு இடம் கிடைக்கும். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயில் மாதம் இருநூறு முந்நூறு தனியாக எடுத்து வைத்தே பத்தாவது முடித்த பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் ஜமாத்தில் ஜகாத் நிதியிலிருந்து படிப்புக்குக் கேட்கலாம். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் பங்குத் தந்தையிடம் கேட்கலாம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களும் கட்டுவார்கள். கேட்கும்போது வாயால் மட்டும் சொல்லாமல் ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: என்ன படிப்பு, கட்டணம் எவ்வளவு, கடைசித் தேதி எது, பணம் நேராக எந்தக் கணக்கில் கட்ட வேண்டும். பணத்தை உங்கள் கையில் தராமல் நேரே கட்டச் சொன்னால் கொடுப்பவர்களுக்கும் தயக்கம் போய்விடும். குறை சொல்லிக் கேட்பதாக நினைத்துக் கூச வேண்டாம், பிள்ளைகள் படிப்புக்குக் கேட்பதைப் போலத்தான் இதுவும்.

கடனைக் கடைசியில் வையுங்கள். மகளிர் குழுவில் உள்கடன் எடுத்தால் வட்டி தெரியும், தவணை தெரியும், கேட்பவரும் தெருக்காரர்தான். வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்காமல் தர வேண்டியது, ஆனால் அது பெரும்பாலும் முழுநேரப் படிப்புக்குத்தான் பொருந்தும். கந்துவட்டிக்கு வாங்கிப் படிப்புக் கட்டணம் கட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், அடுத்த பருவத் தேர்வு வரை பொறுத்தால் குடி முழுகிவிடாது.

பிள்ளைகள் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய ஒன்று

வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டதாரி இல்லாத பிள்ளைக்குத்தான் முதல் பட்டதாரிச் சான்று கிடைக்கும், பொறியியல் போன்ற படிப்புகளில் கலந்தாய்வில் சேரும்போது அதை வைத்துக் கட்டணச் சலுகை உண்டு. நீங்கள் முதலில் பட்டம் வாங்கிவிட்டால் அந்தச் சான்று பிள்ளைக்குக் கிடைக்காது. இதற்காக அம்மா படிக்கக் கூடாது என்று யாராவது வீட்டில் சொன்னால் கணக்கை எடுத்து வையுங்கள். பிள்ளை அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கட்டணத்தை அரசே ஏற்கிறது, அங்கே இந்தச் சான்றுக்கு வேலையே இல்லை. கலைக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கும் பெரிதாக ஒன்றும் குறையாது. தனியார் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டு பொறியியலுக்குப் போகப்போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும், உங்கள் கடைசிப் பருவத் தேர்வை அந்தச் சேர்க்கை முடிந்த பிறகு எழுதுகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். பத்தாவது, பிளஸ் டூ, ஐ.டி.ஐ. எதுவும் இந்தக் கணக்கில் வராது, அவற்றை யாருக்காகவும் தள்ளிப்போட வேண்டாம்.

விண்ணப்பித்த பிறகு

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எண் வரும், அதைப் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள், உப்புக் காற்றில் போன் போனால் எண்ணும் போய்விடும். பதிவு செய்த செல் நம்பரை மாற்றாதீர்கள், ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். பிரவுசிங் சென்டர்காரர் நம்பரைப் போட்டு விண்ணப்பிக்கவே விடாதீர்கள். உதவித்தொகையை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், போன வருடம் வந்தது தானாக இந்த வருடம் வராது. மாதக்கணக்கில் நிலுவையில் கிடந்தால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் விண்ணப்ப எண்ணை மேலே எழுதி ஒரு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மனுவில் கதை வேண்டாம். எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், எந்த அலுவலகத்தில் நிற்கிறது, கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்ற மூன்று வரி இருந்தால் போதும், தனியாக ஒரு நகலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.